வேரில் காய்க்காத கடலை

நான்காம் வகுப்புக்கு அன்று இயற்கைப் பாடம். கரும்பலகையில் ஒரு வேர்க்கடலைச் செடியை வரைந்தேன். மேலே இலைகள், நடுவில் தண்டு, குறுக்கே மண்ணுக்கு ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே வேர், வேர்நுனியெல்லாம் கொத்துக் கொத்தாகக் கடலை. படம் எனக்கே பிடித்துப்போயிற்று. பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர்கள் நெருக்கமாகக் குடியிருந்த ஒரு தெருவில் இருந்தது பள்ளி. நானும் தறிக்காரர் மகள்தான். எங்கள் வீடு நாலு தெரு தள்ளி.

"வேர்ல காய்க்குது. அதனாலதான் அதுக்கு வேர்க்கடலைன்னு பேரு" என்றேன்.

கடைசி வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி எழுந்தாள். திருப்பருத்திக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியிலிருந்து தினமும் நடந்து வருகிறவள். அந்த வகுப்பில் நெசவாளர் வீட்டுப் பிள்ளையாக இல்லாதவர்கள் மூன்று பேர், அவர்களில் ஒருத்தி. அதுவரை வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொன்னதைத் தவிர அவள் குரலை நான் கேட்டதில்லை.

"இல்ல டீச்சர். வேர்ல காய்க்காது. மேல பூ பூக்கும். அந்தப் பூவுலேர்ந்து விழுது மாதிரி ஒண்ணு கீழ எறங்கும். அது மண்ணுக்குள்ள பூந்துக்கினுதான் காய் புடிக்கும்."

"பூ மண்ணுக்குள்ள பூந்துக்குமாம்!" என்று முன்வரிசையில் ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"யாராவது உனக்குக் கதை சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"கதை இல்ல டீச்சர். நான் பாத்துக்கீறேன்."

பாத்துக்கீறேன் என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. இருபத்தொரு வயதில், புதிதாகக் கட்டிய நூல்புடவையின் மடிப்புகூடக் கலையாமல் நிற்கிறவளுக்கு எதிர்ப்பேச்சு எப்படிப் பொறுக்கும்? மணி அடிக்கும்வரை நிற்கச் சொன்னேன். அவள் நின்றாள். அழவில்லை, முறைக்கவும் இல்லை. கரும்பலகையில் இருந்த என் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் அவள் வழக்கம்போல அலுமினியத் தட்டோடு சாப்பாட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் பள்ளியில் மதிய உணவு என்றால் பெரும்பாலும் கோதுமை ரவைதான். எங்கோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த மூட்டை. அதில் அச்சிட்டிருந்த எழுத்தைப் பெரிய பிள்ளைகள் கூட்டிக் கூட்டிப் படிப்பார்கள். சமையல் செய்த அம்மாள் அதை உப்புமா என்பார். எண்ணெய் இருக்கிற நாளில் கடுகு வெடிக்கும். இல்லாத நாளில் வெந்ததை அப்படியே உருட்டிப் போடுவார். பக்கத்திலேயே வீடு உள்ள பிள்ளைகள் சோற்றுக்கு வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். அப்படி ஓட முடியாதவர்களும், ஓடினாலும் வீட்டில் எதுவும் இல்லாதவர்களும்தான் அந்த வரிசையில் உட்கார்வார்கள். சமையல் அம்மாளுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. "நான் ஆக்கிப் போடறத எந்தப் புள்ளயும் ஆசையா துன்னு நான் பாத்ததில்லம்மா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

மறுநாள் அந்தச் சிறுமி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் அவள் இடம் காலியாக இருந்தது. நான் நிற்க வைத்ததில்தான் பள்ளியை விட்டே நின்றுவிட்டாள் என்று நினைத்தேன். காலனியிலிருந்து பள்ளிக்கு வருகிற பெண்பிள்ளைகள் சும்மாவே அதிகம் இல்லை. தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன்.

"சார், கடலை வேர்லதானே காய்க்குது?"

"பேரே சொல்லுதேம்மா" என்றார் அவர், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "ஏன், இன்ஸ்பெக்டர் யாராவது வர்றாரா?"

வீட்டில் அப்பாவைக் கேட்டேன். தறியை விட்டுத் தலையைத் திருப்பாமல், "கடைக்கு வருது, வாங்கறோம். அது எங்க காய்ச்சா என்ன?" என்றார். எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதுதான் பதில். ஊரைச் சுற்றி நான்கு பக்கமும் நெல் கழனியும் மானாவாரிக் கொல்லையும்தான். அரை மணி நேரம் நடந்தால் வரப்பில் நிற்கலாம். ஆனால் எங்களுக்கு அந்தப் பக்கம் போக ஒரு வேலையும் இருந்ததில்லை.

சனிக்கிழமை காலையில் அவளைத் தேடிப் புறப்பட்டுப் போனேன். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலைத் தாண்டி விசாரித்ததும் ஒரு பெரியவர் கையைக் காட்டினார். செம்மண் கொல்லை. முழங்காலுக்குக் கீழே பச்சையாகப் படர்ந்திருந்தது கடலைச் செடி. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டுக் களைக்கொட்டால் கொத்திக்கொண்டு முன்னேறிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் ஓரத்தில் அவள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து, கையில் இருந்த களையைப் போடவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றாள். பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் அம்மா.

"டீச்சரா? வாங்கம்மா. பொண்ணு எதுனா தப்பு பண்ணிட்டாளா?"

"இல்லைங்க. மூணு நாளா வரலைன்னு..."

"களைக்கு ஆளு பத்தலம்மா. அதான் இவளயும் இஸ்துக்கினு வந்துட்டேன். இன்னும் ரெண்டு நாள் போச்சுன்னா கொல்லையில கால் வெக்க முடியாது. விழுது எறங்க ஆரம்பிச்சிடும். அப்புறம் களை வெட்டனா விழுது அறுந்துடும், காயே புடிக்காது. திங்கக்கெழம அனுப்பிடறேன்."

விழுது என்ற சொல்லை அவள் சாதாரணமாகச் சொன்னாள். மகள் வகுப்பில் நின்ற கதை அவளுக்குத் தெரியாது என்று எனக்குப் புரிந்தது. பெண் வீட்டில் சொல்லவே இல்லை.

"அந்த விழுதை எனக்குக் காட்டறியா?" என்று சிறுமியைக் கேட்டேன்.

அவள் உடனே உட்கார்ந்து ஒரு செடியை இரண்டு கையாலும் மெல்ல ஒதுக்கினாள். அடியில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். வாடிப்போன ஒரு பூவின் அடியிலிருந்து ஊதா நிறத்தில், ஊசி கனத்தில், ஒன்று கீழ்நோக்கி வளைந்து நீண்டிருந்தது. அதன் நுனி மண்ணைத் தொட இன்னும் ஒரு விரற்கடை இருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று மண்ணுக்குள் போய்விட்டிருந்தது. அவள் சுட்டுவிரலால் அந்த இடத்து மண்ணை விலக்கினாள். உள்ளே நுனி மட்டும் லேசாகப் பருத்து, வெள்ளையாக, அரிசிமணி அளவில் இருந்தது.

"இதான் டீச்சர். இதான் காய் ஆவும்." உடனே மண்ணை மறுபடி மூடினாள். "வெயில் பட்டா கெட்டுப்பூடும்."

எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ தெரியாது. நிமிர்ந்து, அவள் அம்மாவும் மற்றப் பெண்களும் கேட்க, "நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. உன்னை நிக்க வெச்சதும் தப்பு" என்றேன்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. களை வரிசைக்கு ஓடிவிட்டாள். "அய்ய, இதுக்குப் போயி இம்மாந்தூரம் வந்தீங்களா?" என்று அவள் அம்மா சிரித்தாள். திரும்பி நடக்கும்போது எனக்கு அழுகை வந்தது. வழியில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதேன்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். நான் பழைய படத்தையே முதலில் வரைந்து, பிள்ளைகள் முன்னால் அதை அழித்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டு வரையச் சொன்னேன். சாக்கட்டியை அழுத்திப் பிடித்து, பூவிலிருந்து இறங்குகிற விழுதை ஒரே இழுப்பில் அவள் வரைந்தாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. முன்வரிசைப் பையன் எழுந்து, "நாங்களும் பாத்தாதான் டீச்சர் நம்புவோம்" என்றான். அவன் கேட்டது நியாயமாகவே பட்டது.

தலைமையாசிரியர் சம்மதிக்க ஒரு நாள் ஆயிற்று. பெற்றோர் சம்மதம்தான் கடினமாக இருந்தது. மூன்று அப்பாக்கள் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அப்பாவுக்குப் பழக்கமானவர்.

"நீங்களும் தறிக்காரர் பொண்ணுதான் டீச்சரம்மா. உங்களுக்குத் தெரியாததா? மண்ணுல கைய வெச்சா விரலு சொரசொரன்னு ஆயிடும். அந்தக் கையோட பட்டைத் தொட்டா இழை மாட்டிக்கினு அறுந்துபூடும். சாயங்காலம் கரை போட எனக்கு இந்தப் புள்ளய விட்டா யாரு இருக்காங்க?"

எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய கரை வைத்த புடவைக்கு, நெய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடை நூல் கோத்த நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளைதான். எட்டு வயதில் நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். என் விரலில் ஒரு சிறு சிராய்ப்பு வந்தால்கூட அம்மா எண்ணெய் தடவித் தேய்ப்பாள். 

வழி சொன்னவர் சமையல் அம்மாள். அடுப்படியிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அமாவாசைக்குத் தறி ஓடாதே. அன்னிக்குக் கூட்டிக்கினு போயேன்மா. சாயங்காலம் வெளக்கெண்ணெய் தடவிக்கினு தூங்கினா, காலையில விரலு வழவழன்னு ஆயிடப்போவுது. இதுக்கு ஏன் மூணு பேரு வேலைய விட்டுட்டு வந்துக்கினு?"

அந்த அப்பா யோசித்தார். "அமாவாசைன்னா சரி" என்றார்.

ஆவணி அமாவாசைக்குப் போனோம். வீட்டில் படையல் இருந்த நாலைந்து பேர் வரவில்லை. மற்ற எல்லாரும், ஏறக்குறைய முப்பது பேர், இரண்டு இரண்டாகக் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். கொல்லைக்குச் சொந்தக்காரர் ஊரிலிருந்த சமணக் குடும்பத்துக்காரர். முந்தின வாரம் போய் அவரிடம் அனுமதி கேட்டபோது, "செடியைப் பாக்க ஸ்கூலா?" என்று ஆச்சரியப்பட்டார். அன்று எங்களுக்கு முன்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

செடியைக் காட்டியவள் அந்தச் சிறுமிதான். "வரப்பு மேலயே வாங்க. கொல்லையில கால் வெக்காதீங்க. விழுது எறங்கியிருக்குது" என்று முதலிலேயே எச்சரித்தாள். ஓரச் செடி ஒன்றை மட்டும் ஒதுக்கிக் காட்டினாள். பட்டு இழையோடு பழகிய பிள்ளைகள் அல்லவா, அந்த மெல்லிய விழுதைத் தொடும்போது மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டார்கள். ஒன்றுகூட அறுபடவில்லை. முன்வரிசைப் பையன் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆமாண்டா" என்று பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னான்.

சொந்தக்காரர் என்னிடம் ஒன்று சொன்னார். "நாங்க கிழங்கு எதையும் தொடமாட்டோம்மா. மண்ணுக்குள்ள வெளையறதுன்னு பாத்தா கடலையும் தள்ளத்தான் வேணும். ஆனா இது பூவுல பொறந்துட்டு உள்ள போறது. அதனால நாங்க சாப்புடறோம். எங்கப்பா சொல்லித்தான் எனக்கும் தெரியும்."

பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லையில் அன்று களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் குவித்துப் போட்டிருந்த களையைக் காட்டி, "இதெல்லாம் குப்பைக்கா?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். "குப்பைக்கா? இது பண்ணைக்கீரை, இது தொய்யக்கீரை. வூட்டுக்கு எடுத்துக்கினு போயி கடைஞ்சி துன்னுவோம்" என்றாள் அந்தக் களை வரிசையில் இருந்த சிறுமியின் அம்மா. சொல்லிவிட்டு, இளசாகப் பார்த்துக் கிள்ளி, இரண்டு கட்டாகக் கட்டி எங்கள் கையில் கொடுத்தாள். பிள்ளைகள் அதை முறைபோட்டுச் சுமந்து வந்தார்கள்.

சமையல் அம்மாள் கீரையைக் கண்டதும் முந்தானையைச் செருகிக்கொண்டார். "வாடறதுக்குள்ள ஆக்கிடறேன்" என்று பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டுக் கடைந்து, கோதுமை ரவையின் மேல் ஊற்றினார். அன்று வீட்டுக்கு ஓட வேண்டிய பிள்ளைகளில் பாதிப் பேர் ஓடவில்லை. தாங்கள் தூக்கி வந்த கீரை என்பதால் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் தரம் கேட்டார்கள். அந்த அம்மாள் அண்டாவின் அடியைக் கரண்டியால் வழித்துக் கடைசிப் பிள்ளையின் தட்டில் போட்டார்.

மறுநாள் ஒரு தாய் சண்டைக்கு வந்தாள். தெருவில் கொஞ்சம் வசதியான வீடு.

"காலனிப் பொம்பளைங்க கிள்ளின கீரையை எம்பொண்ணுக்குப் போட்டீங்களாமே? யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

சிறுமி பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அடுப்படியிலிருந்து சமையல் அம்மாள் வெளியே வந்தார். அவரும் அதே தெருக்காரர், அந்தத் தாயின் ஜாதிதான்.

"உன் வூட்டு அரிசியை நட்டது யாரும்மா? அறுத்தது யாரு? அத தெனமும் துன்றியே, அப்பல்லாம் யாரக் கேட்ட?"

"அது வேற, இது வேற."

"எனக்கு ஒண்ணும் வேறயா தெரியல. கழுவித்தான் ஆக்கினேன். உம்பொண்ணு ரெண்டு தரம் வாங்கித் துன்னுச்சு."

அந்தத் தாய் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் அந்தப் பெண் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். மதியம் மணி அடித்ததும் வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் கீரை வந்த அன்று, யாரும் கூப்பிடாமலே வரிசையில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் என்ன சொன்னாளோ, நான் கேட்கவில்லை. அந்தத் தாயும் மறுபடி வரவில்லை.

களை எடுக்கிற பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒருமுறை கீரை வந்தது. முதலில் அந்தச் சிறுமி மட்டும் தலையில் சுமந்து வந்தாள். பாடம் கேட்க வருகிறவள் சுமை தூக்கி வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய பிள்ளைகள் நான்கு பேர் முறைவைத்துக் காலையில் சமணக் கோயில்வரை போய் வாங்கி வரட்டும் என்று ஏற்பாடு செய்தேன். அறுவடை முடிந்ததும் சொந்தக்காரர் ஒரு மூட்டைக் கடலையை வண்டியில் அனுப்பினார். பச்சைக் கடலையை உப்புப் போட்டு அவித்து இரண்டு நாள் கொடுத்தோம். மீதியைக் காயவைத்து, வறுத்து, புளியும் மிளகாயும் சேர்த்து அரைத்து, பொங்கல்வரை ரவைக்குத் தொட்டுக்கொள்ள வைத்தார் சமையல் அம்மாள். அதற்குப் பிறகு அவர் பிள்ளைகளைப் பற்றிப் புகார் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தச் சிறுமியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது முடித்ததும் அவளை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்க நானே போனேன். அவள் அம்மா கொல்லையில் நின்றபடியே யோசித்தாள். "களைக்கும் அறுப்புக்கும் மட்டும் நாலு நாள் விடுவாங்களா?" என்று கேட்டாள். விடச் சொல்கிறேன் என்றேன். எட்டாவதுவரை படித்தாள். பிறகு கல்யாணம் செய்துகொடுத்துவிட்டார்கள். தாமல் பக்கம் ஒரு ஊரில் பால்வாடியில் வேலை பார்ப்பதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அவள் ஐந்தாவது படித்த வருஷம் மழை ஏமாற்றியது. ஆடியில் விதைத்தது பாதி முளைக்கவே இல்லை. இந்த வருஷம் வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது என்று சொந்தக்காரர் ஆள்விட்டுச் சொன்னார். ஆனால் அந்த வருஷம் நான்காம் வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் கேட்கவில்லை. அமாவாசை வந்ததும் போயே ஆகவேண்டும் என்றார்கள். போனோம். செடிகள் சாண் உயரத்தில் வாடி நின்றன. சில பூத்திருந்தன. விழுது இறங்கித்தான் இருந்தது. மண் ஓடுபோல் இறுகியிருந்ததால் உள்ளே போக முடியாமல் மேலேயே கருகிப்போயிருந்தது. சொந்தக்காரர் அதைக் காட்டினார். திரும்பும் வழியில் ஒரு பெண்பிள்ளை, "அப்ப இந்த வருஷம் அவங்க இன்னா டீச்சர் துன்னுவாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அந்த வருஷம் கடலை மூட்டை வரவில்லை. வெறும் ரவைதான். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை.

அதே வருஷம் ஐப்பசியில் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் நீளமாகப் பாவு விரித்திருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற வேலை. முதல் தூறல் விழுந்ததும் தெருவே கூச்சலாகிவிட்டது. "சுத்துடா, சுத்துடா" என்று ஆண்கள் ஓடினார்கள். மழையைத் திட்டினார்கள். எங்கள் தெருக்களில் மழையை யாரும் வரவேற்று நான் பார்த்ததில்லை.

ஆனால் வகுப்பில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஜன்னலுக்குப் போனார்கள். நான் தடுக்கவில்லை. ஒரு தறிக்காரர் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்த மழை கடலைக்கு ஆவுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து அறையிலிருந்து, ஐந்தாம் வகுப்பு ஜன்னல் வழியாக, அந்தச் சிறுமியின் பதில் வந்தது.

"கடலைக்கு ஆவாது. அது காலம் பூடுச்சு. ஏரிக்கு ஆவும், நெல்லு நடலாம்."

"அப்ப பெய்யட்டும்" என்றாள் தறிக்காரர் மகள்.

வெளியே அவள் அப்பா தோளில் பாவைச் சுமந்துகொண்டு, நனைந்தபடி வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.